காதுச் சீழின் கதை: ஒரு ராஜா, ஒரு டாக்டர், ஒரு எழுத்தாளர்

ஆஸ்கர் வைல்டின் கடைசி நாட்களைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதை அவரோட வலது காதுலதான் வந்து நின்றது. அவருடைய அப்பா யாருன்னு பார்த்தா, அயர்லாந்தின் பேர்போன காது டாக்டர். அந்த அப்பா எழுதிய விஷயங்களில் இருந்து இன்னும் பின்னால் போனால், காதுச் சீழால் செத்துப்போன ஒரு பிரெஞ்சு ராஜா. இந்த மூன்று பேரையும் பக்கத்துல பக்கத்துல வைத்தபோது ஒரு கேள்வி வந்தது.

காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பைத் திறந்து சீழை வெளியேற்றினால் ஆளைக் காப்பாத்தலாம் என்பது 1736 வாக்கிலேயே செய்து காட்டப்பட்ட விஷயம். ஆனால் அந்த ஆபரேஷன் ஊரெல்லாம் பரவியது 1873-க்குப் பிறகுதான். நடுவில் ஏன் இவ்வளவு நாள்? அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

சீழ் ஏன் மூளைக்குப் போகுது?

முதலில் கொஞ்சம் உடற்கூறு. இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

செவிப்பறைக்கு உள்பக்கம் ஒரு சின்னக் காற்றறை இருக்கிறது. அதுதான் நடுச்செவி. ஸ்கூல்ல படிச்ச சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகள் மூன்றும் இருப்பது அங்கேதான். இந்த அறையிலிருந்து மூக்கின் பின்பகுதிக்கு ஒரு குழாய் போகிறது. விமானம் இறங்கும்போது எச்சில் விழுங்கினால் காதுக்குள்ளே "டப்"புன்னு திறக்குதே, அதே குழாய்தான். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி இதைத் தெளிவாக விவரித்தார். அவர் பேரிலேயே இன்றும் யூஸ்டேஷியன் குழாய் என்கிறோம்.

சளி பிடித்தால் இந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். அறைக்குள் காற்று போகாது, நீர் கோத்துக்கொள்ளும், அதில் கிருமி வளரும். சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும், ஏறக்குறைய படுக்கைவாட்டிலும் இருக்கும். அதனால்தான் சளி பிடித்த குழந்தை ராத்திரியில் காதைப் பிடிச்சுக்கிட்டு அழுகிறது. சீழ் அழுத்தம் கூடிச் செவிப்பறை ஓட்டையாகி வெளியே வடிந்துவிட்டால் வலி சட்டென்று குறையும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளும்.

பிரச்சினை, சீழ் வெளியே வராமல் பின்பக்கம் போகும்போது வருகிறது. உங்க காதுமடலுக்குப் பின்னால விரலை வெச்சுப் பாருங்க, ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் மாஸ்டாய்டு எலும்பு. பார்க்கக் கெட்டி, உள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் காற்றறைகள். நடுச்செவிக்கும் இதற்கும் வழி இருக்கிறது. இந்தப் பகுதியின் கூரை மெல்லிய எலும்புத் தகடு. அதற்கு மேலே மூளை. பின்பக்கம், மூளையிலிருந்து ரத்தத்தைக் கீழே கொண்டுவரும் பெரிய சிரை. நடுவாக முகத்தசைகளை இயக்கும் நரம்பு. அதாவது, தீக்குச்சிப் பெட்டி அளவுகூட இல்லாத இடத்தில் இத்தனையும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. சீழ் கூரையைத் தாண்டினால் மூளையுறை அழற்சி அல்லது மூளைக்குள் கட்டி. சிரையைத் தொட்டால் ரத்தம் உறைந்து, குளிர்காய்ச்சல். நரம்பைத் தொட்டால் முகம் ஒரு பக்கமாகக் கோணிவிடும்.

இந்த ஆபத்து பழைய மருத்துவர்களுக்குத் தெரியாதது இல்லை. காதுவலியோடு கடும் காய்ச்சலும் சேர்ந்தால் நோயாளி பிதற்றத் தொடங்கிச் சாகலாம் என்று ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் நூல்கள் எச்சரிக்கின்றன. சுஸ்ருத சம்ஹிதை காது நோய்களை 28 வகையாகப் பிரிக்கிறது. அதில் காது ஒழுகுவதற்கும் நாற்றமடிப்பதற்கும் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. ஆக, நோயைப் பார்த்திருக்கிறார்கள், ஆபத்தையும் உணர்ந்திருக்கிறார்கள். எலும்புக்குள்ளே போக மட்டும் வழி இல்லை.

16 வயசு ராஜா

1560 நவம்பர், பிரான்சின் ஓர்லியான் நகரம். இரண்டாம் பிரான்சுவா பட்டத்துக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. வயது 16. மனைவி, ஸ்காட்லாந்து ராணி மேரி. சின்ன வயசிலிருந்தே நோஞ்சான். காதுத் தொந்தரவும் பழையது. அந்த நவம்பரில் ஒரு நாள் மயங்கி விழுந்தார். காதுக்குப் பின்னால் வீக்கம், சீழ், காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. டிசம்பர் 5 அன்று இறந்துபோனார். காதிலிருந்து சீழ் மாஸ்டாய்டுக்கும் மூளைக்கும் பரவியிருக்க வேண்டும் என்றுதான் பிற்கால மருத்துவர்கள் அந்த விவரங்களைப் படிக்கிறார்கள்.

அப்போது அரண்மனையில் ஆம்பிரோஸ் பாரே இருந்தார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய அறுவை வைத்தியர் அவர். அவராலும் ஒன்றும் நடக்கவில்லை. ராஜா செத்ததும், காதில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று வதந்தி வேறு கிளம்பியது.

இந்த ஒரு காது என்னவெல்லாம் செய்தது பாருங்க. புராட்டஸ்டன்ட் தரப்பின் தலைவர்களில் ஒருவரான கோந்தே இளவரசர் அப்போது ஓர்லியானில் சிறையில் இருந்தார். தலை தப்பாது என்ற நிலைமை. ராஜா இறந்ததால் பிழைத்தார். பட்டம் 10 வயதுத் தம்பி ஒன்பதாம் சார்லஸுக்குப் போனது. ஆட்சி தாய் கேத்தரின் தெ மெதிசி கைக்கு வந்தது. 1562-இல் பிரான்சில் மதப்போர்கள் தொடங்கியபோது எதிர்த்தரப்புப் படைக்குத் தலைமை தாங்கியவர் அதே கோந்தேதான். 17 வயதிலேயே விதவையாகிவிட்ட மேரி 1561-இல் ஸ்காட்லாந்து திரும்பினார். அங்கிருந்து தொடங்கிய பாதை 1587-இல் அவர் தலை வெட்டப்படுவதில் முடிந்தது. இதெல்லாம் காதுச் சீழால் மட்டும்தான் நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பையன் பிழைத்திருந்தால் இந்த வரிசை இப்படியே இருந்திருக்காது.

திறந்த கதவும் மூடிய கதவும்

கிட்டத்தட்ட 175 வருஷம் கழித்து, 1736 வாக்கில், பாரிஸில் ழான் லூயி பெத்தி என்ற அறுவை வைத்தியர் மாஸ்டாய்டு எலும்பைத் துளைத்து உள்ளே தேங்கியிருந்த சீழை வெளியேற்றினார். நோயாளி பிழைத்தார். வெற்றிகரமான முதல் மாஸ்டாய்டு அறுவை என்று வழக்கமாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். பெத்தி 1750-இல் இறந்துவிட்டார். அவருடைய நூல் அச்சில் வந்தது 1774-இல். இரண்டு வருஷத்தில், 1776-இல், யாஸர் என்ற பிரஷ்ய ராணுவ வைத்தியர் ஒரு சிப்பாய்க்கு இதே மாதிரி எலும்பைத் திறந்து வெற்றி கண்டார். விஷயம் ஐரோப்பா முழுக்கப் பேச்சானது.

அந்தப் பேச்சுதான் வினையானது. எலும்பைத் துளைத்தால் காது நல்லாக் கேட்கும் போலிருக்கு என்று ஒரு நம்பிக்கை பரவியது. டென்மார்க் அரண்மனை வைத்தியர் யூஸ்டுஸ் வான் பெர்கர் காது மந்தத்தாலும் இரைச்சலாலும் அவதிப்பட்டவர். 1791-இல் அவரே கேட்டு இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டார். சில நாட்களில் மூளையுறை அழற்சி வந்து இறந்துபோனார். செத்தது ராஜாவின் வைத்தியர். செய்தி காட்டுத்தீ மாதிரி பரவியது. மாஸ்டாய்டைத் தொட்டால் கொலை என்ற பெயர் வந்துவிட்டது. அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு மதிப்புள்ள வைத்தியர் யாரும் அதன் பக்கம் போகவில்லை.

பெரும்பாலான புத்தகங்கள் இந்தக் கதையை இத்தோடு முடித்துவிடும்: ஒரே ஒரு சாவு, எல்லாரும் பயந்துவிட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. இரண்டு விஷயம் இடிக்குது.

ஒன்று, பெத்தியின் நோயாளிக்கு எலும்புக்குள் சீழ் இருந்தது. பெர்கருக்கு இருந்ததோ மந்தமும் இரைச்சலும். ஆபரேஷன் ஒன்றுதான், ஆனால் அது செய்யப்பட்ட காரணம் முற்றிலும் வேறு. சீழ் தேங்கிய இடத்தைத் திறந்துவிடுவது ஒரு வேலை. நல்ல எலும்பைத் துளைத்து வெளிக்கிருமிக்கு வழி போட்டுக்கொடுப்பது இன்னொரு வேலை. இந்த வித்தியாசத்தை அப்போது சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏன்னா, உயிரோடு இருக்கிற ஆளின் காதுக்குள்ளே என்ன இருக்குன்னு பார்க்கவே வழி இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பதுதான் பரிசோதனை.

இரண்டு, பயந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. மயக்க மருந்து கிடையாது, கிருமி பற்றிய அறிவு கிடையாது, கழுவாத உளி. அந்த நிலைமையில் மூளையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி எலும்பைக் கொத்தினால் என்ன ஆகும்? கை வைக்காமல் இருந்ததில் ஒரு நியாயமும் இருந்தது. அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர்கள், சீழ் உள்ளேயே தேங்கிச் செத்த நோயாளிகள்.

அப்பா வைல்ட்

இந்த இடைவெளியில்தான் வில்லியம் வைல்ட் வருகிறார். 1815-இல் பிறந்தவர். 1844-இல் டப்ளினில் கண், காது நோய்களுக்காக செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1853-இல் காது அறுவை மருத்துவம் பற்றி அவர் எழுதிய புத்தகம் அந்தத் துறைக்கே ஒரு அடித்தளம்.

அந்தக் காலத்தில் காது ஒழுகுவதை நோயாகவே நினைக்காத டாக்டர்கள் இருந்தார்கள். உடம்பில் இருக்கிற கெட்டது வெளியே போகுது, நிறுத்தினால் தலைக்கு ஏறிடும் என்பது அவர்கள் கணக்கு. வைல்ட் இதை நேரடியாக எதிர்த்தார். சீழ் வடிகிற வரைக்கும் அது எங்கே போய் முடியும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, ஆகவே அதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. காதுக்குப் பின்னால் வீங்கியிருந்தால் தோலையும் எலும்பின் மேலுறையையும் ஆழமாகக் கீறி, சீழுக்கு வழிவிடும் முறையையும் அவர் வகுத்தார். வைல்ட் கீறல் என்றே அதற்குப் பெயர். எலும்புக்குள் போகவில்லை, வாசல் வரைக்கும் போனார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் பிறந்த அதே 1815-இல் பிறந்தவர் லண்டனின் ஜோசப் டாயின்பீ. இவர் வேறு வழியில் போனார். இறந்தவர்களின் காதுகளைச் சுமார் 2000 என்ற கணக்கில் அறுத்துப் பார்த்து, வெளியே தெரிந்த நோய்க்கும் உள்ளே இருந்த சேதத்துக்கும் தொடர்பு கண்டார். 1866-இல் காது இரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோபார்ம் ஆவியைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்தபோது இறந்துபோனார்.

ஹாலே நகரில்

பிறகு மூன்று விஷயங்கள் ஒவ்வொன்றாகக் கூடிவந்தன. முதலாவது, வெளிச்சம். ஹாஃப்மன் என்ற ஜெர்மன் டாக்டர் 1841-இல் நடுவில் ஓட்டையுள்ள குழிக்கண்ணாடியை வைத்து ஒளியைக் காதுக்குள் திருப்பிவிட்டார். அன்டன் வான் ட்ரோல்ட்ஷ் அதைப் பரவலாக்கினார். இ.என்.டி. டாக்டர் நெத்தியில கட்டியிருப்பாரே வட்டக் கண்ணாடி, அதுக்கு மூதாதை இதுதான். இரண்டாவது, 1846-இல் ஈதர் மயக்கம். மூன்றாவது, 1867-இல் லிஸ்டரின் கிருமி ஒழிப்பு முறை.

1873-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஹெர்மன் ஷ்வார்ட்ஸே, தன் உதவியாளர் ஐஸெலுடன் சேர்ந்து மாஸ்டாய்டு அறுவை பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதே ஊரில் அதற்கு முந்தைய வருஷம்தான் வோல்க்மன் என்ற அறுவை நிபுணர் லிஸ்டரின் முறையைக் கைக்கொண்டிருந்தார். ஷ்வார்ட்ஸே செய்த பெரிய காரியம் துளை போட்டது இல்லை. அது பெத்தி காலத்திலேயே ஆன வேலை. யாருக்குச் செய்யணும், யாருக்குச் செய்யக்கூடாது, எந்த இடத்தில் எப்படித் திறக்கணும் என்று வரையறுத்ததுதான் அவருடைய பங்கு. பெர்கருக்கு நேர்ந்த மாதிரி இன்னொருவருக்கு நேராமல் இருக்க அதுதான் தேவைப்பட்டது.

மகன் வைல்ட்

1895-இல் ஆஸ்கர் வைல்டுக்கு இரண்டு வருஷக் கடுங்காவல் தண்டனை. 1896 ஜூலையில் ரெடிங் சிறையிலிருந்து உள்துறை அமைச்சருக்கு ஒரு மனு எழுதினார். சீழ்க்கட்டியால் செவிப்பறை ஓட்டையாகி வலது காது கேட்காமல் போய்விட்டது, சிறை டாக்டரோ தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் என்பது அதில் ஒரு முறையீடு. ஒழுகும் காதை அலட்சியம் செய்யாதீர்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன டாக்டரின் மகன் எழுதிய மனு அது. அப்பா 1876-லேயே இறந்திருந்தார்.

விடுதலைக்குப் பின் பாரிஸ். 1900 அக்டோபர் 10 அன்று, தங்கியிருந்த அல்சாஸ் ஓட்டல் அறையிலேயே காதில் ஆபரேஷன் நடந்தது. நவம்பர் கடைசியில் நிலைமை மோசமாகிப் பிதற்றல் தொடங்கியது. பார்த்த டாக்டர்கள் மூளையுறை அழற்சி என்று குறித்தார்கள். நவம்பர் 30 அன்று 46 வயதில் இறந்தார். சிஃபிலிஸால் செத்தார் என்ற பேச்சு ரொம்ப நாள் ஓடியது. 2000-இல் ராபின்ஸ், செல்லர்ஸ் என்ற இருவர் லான்செட் இதழில் அதை மறுத்து எழுதினார்கள். அவர்கள் கணிப்பில் அது நாள்பட்ட காதுநோய், பெரும்பாலும் கொலஸ்டியடோமா.

இந்தப் பெயரைக் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்குங்க. 1829-இல் க்ருவேலியே இதை முத்துமாதிரியான கட்டி என்று விவரித்தார். 1838-இல் யோஹன்னஸ் முல்லர் இந்தப் பெயரை வைத்தார். பெயரைக் கேட்டுக் கொலஸ்ட்ரால் என்றோ புற்று என்றோ நினைக்க வேண்டாம். அது சாதாரணத் தோல், இருக்கக்கூடாத இடத்தில். செவிப்பறையின் மேல்பகுதி உள்வாங்கிப் பையாகி, அதில் உதிர்ந்த தோல் சேர்ந்து சேர்ந்து பெருக்கும். பக்கத்து எலும்பை மெல்ல மெல்ல அரிக்கும். பெரும்பாலும் வலிக்காது. கொஞ்சமாக, ஆனால் கடும் நாற்றத்தோடு வடியும். காது மந்தமாகும்.

மாத்திரைக்கு அப்புறம்

1935-இல் டோமாக் கண்டறிந்த புரோன்டோசில், அடுத்து 1940-களில் பென்சிலின் வந்தது. அதுவரைக்கும் ஆஸ்பத்திரிகளில் காதுக்குப் பின்னால் கட்டுப்போட்ட குழந்தைகள் வழக்கமான காட்சி. சில வருஷங்களில் அது அரிதானது. 1950-களில் ஆபரேஷன் மைக்ராஸ்கோப் வந்தது. ஜெர்மனியில் வுல்ஸ்டைனும் சோல்னரும் ஓட்டையான செவிப்பறையை அடைத்துக் கேட்கும் திறனை மீட்கும் அறுவையை உருவாக்கினார்கள். 1954-இல் ஆம்ஸ்ட்ராங், நீர் கோத்த காதுக்குக் குட்டிக் குழாய் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். குரோமெட் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான்.

ஆனால் கொலஸ்டியடோமாவை மாத்திரையால் கரைக்க முடியாது. அது கிருமி இல்லையே, தோல்தானே. ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஒழுகுவது நிற்கும், நாற்றம் குறையும், சரியாப் போச்சுன்னு தோணும். பை உள்ளேயே இருக்கும். சில மாதத்தில் மறுபடி ஒழுகும். அதற்கு வழி ஆபரேஷன் ஒன்றுதான். 1560-ஐவிட இன்று நமக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் இந்த ஒரு இடத்தில், மாத்திரையே ஆளை ஏமாற்றித் தாமதப்படுத்துகிறது.

நம் வீடுகளுக்கு வருவோம். "சின்ன வயசுல இருந்தே ஒழுகும், பழகிடுச்சு" என்று சொல்கிற ஆள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயைக் காதுல விடுறதும் நடக்குது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் போகும். ஈரமும் எண்ணெயும் இருக்கும் காதில், நம்ம ஊர் வெக்கைக்குக் காளான் நன்றாக வளரும். அரிப்பும் அடைப்பும் வந்தால் பல சமயம் காரணம் அதுதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்திலும் கவனம் தேவை. ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் ஓட்டை வழியாக உட்செவிக்குப் போனால் கேட்கும் நரம்பணுக்களையே கெடுக்கலாம். ஓட்டை இருக்கா இல்லையா என்று பார்த்த பிறகுதான் சொட்டு மருந்து.

ஒழுகும் எல்லாக் காதும் ஆபத்து இல்லை. சளி பிடித்தால் நிறைய, நாற்றமில்லாமல் வடிந்து, செவிப்பறையின் நடுவில் ஓட்டை இருக்கும் வகைக்குப் பெரும்பாலும் சுத்தம் செய்து, தண்ணீர் படாமல் பார்த்து, மருந்து விட்டு, பிறகு ஓட்டையை அடைத்தால் போதும். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்வது சின்ன வேலை, பெரிய உதவி.

நாற்றத்தோடு கொஞ்சம் கொஞ்சமா ஒழுகினால் தள்ளிப் போடாமல் இ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்க. ஒழுகும் காதோடு தலைவலி, வாந்தி, காய்ச்சல், தலைசுற்றல், முகம் கோணுதல், காதுக்குப் பின்னால் வீக்கம், காதுமடல் முன்னுக்குத் தள்ளி நிற்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஓர்லியான் அரண்மனையில் அந்தப் பையனைச் சுற்றி நின்றவர்கள் பார்த்ததும் ஏறக்குறைய இதே அறிகுறிகளைத்தான். அவர்களிடம் கொண்டுபோய்க் காட்ட ஆள் இல்லை. நமக்குப் பெரும்பாலான ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இருக்காங்க.